சம்சாரம் என்ற அட்டை

பைஸ்டாண்டர் என்று எழுதியிருந்தது. கழுத்தில் தொங்கின அந்த பிளாஸ்டிக் வில்லையை அய்யலுசாமி எத்தனையாவது தடவையாகத் திருப்பிப் பார்க்கிறார் என்று அவருக்கே தெரியாது. நோயாளிக்குத் துணைக்கு வந்தவனுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அதுதான் பேர். பக்கத்தில் நிற்கிறவன், சும்மா நிற்கிறவன், நின்று வேடிக்கை பார்க்கிறவன். சே, என்ன மனுசன் இவர். உள்ளே பெண்டாட்டியின் மண்டையோட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள், வெளியே உட்கார்ந்து பைஸ்டாண்டருக்கு அர்த்தம் பிரித்துக்கொண்டிருக்கிறார். முப்பத்தைந்து வருசம் மதுரையில் அகராதி ஆபீசில் அட்டை எழுதின கை, ரிட்டயர் ஆனாலும் விடுமா, எந்தச் சொல்லைப் பார்த்தாலும் தோலை உரிக்கத்தான் போகிறது. மணி ஒன்பதரை. ஏழே காலுக்கு வசுமதியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மொட்டைத் தலையில் பச்சைத் துணி கட்டியிருந்தது. "காப்பி குடிச்சிருங்க, வெறும் வயித்துல உக்காந்திராதீங்க" என்றாள். அதுதான் கடைசியாகச் சொன்னது. கடைசியாக என்று நினைக்கக்கூடாது, இன்றைக்குக் காலையில் கடைசியாக, அவ்வளவுதான். இடது காதுக்கு மேலே, பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. மயக்கம் தெளிவித்து, அவளை முழிக்க வைத்துத்தான் அறுப்பார்களாம். ஒவ்வொரு இடமாக மெல்லிய கம்பியால் தொடுவார்கள், அதே நேரம் படம் காட்டுவார்கள், இது என்ன இது என்ன என்று கேட்பார்கள், தொட்ட இடத்தில் பேச்சு நின்றால் அங்கே கத்தி வைக்கக்கூடாது, நிற்கவில்லையென்றால் வெட்டலாம். டாக்டர் உம்மன் இதை முந்தாநாள் ஏதோ தென்னை மரத்துக்கு உரம் வைக்கிற விசயம் மாதிரி சாவகாசமாகச் சொன்னார். படம் காட்டப் போகிற பெண் ஷெமீனா, சின்னப் பெண், அவள்தான் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா சார், சம்சாரத்தின்றெ பாகமாணு, சூக்ஷிச்சு செய்யும்" என்றாள். பயப்படாதீங்க, பேச்சு இருக்கிற பாகம், ஜாக்கிரதையாகச் செய்வோம். இவருக்கு மலையாளம் தெரியும், அர்த்தமெல்லாம் சரியாகத்தான் விளங்கிற்று. விளங்கின பிறகும் அந்தச் சொல் இவரை விடவில்லை.

சம்சாரம். எத்தனை வருசம் அந்த ஒரு அட்டையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். வடக்கே இருந்து கிளம்பின சொல், சேர்ந்து ஓடுவது, சுற்றிச் சுற்றி வருவது என்று வேர். செத்துப் பிறந்து செத்துப் பிறந்து ஓய்ச்சல் இல்லாமல் அலைவது என்று சாமியார்கள் அதற்கு ஒரு பொருள் வைத்தார்கள். இந்திக்காரரிடம் போய் அது உலகமாயிற்று. வங்காளியிடம் குடித்தனம். தெலுங்கிலும் கன்னடத்திலும் குடும்பம். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் ஏர் பிடித்தவனுக்கே சம்சாரி என்று பேர், இவருடைய அப்பா ஒரு சம்சாரி. இங்கே மலையைத் தாண்டினால் பேச்சு. கடலைத் தாண்டி மலாய்க்காரரிடம் போனால் படாத பாடு, துன்பம். சயாமில், ஐயோ பாவம் என்று மனசு இளகுகிறதே, அந்த இரக்கம். தமிழில் பெண்டாட்டி. எல்லாம் ஒரே சொல்தானா, ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் இப்படியா ஆளுக்கொரு திசையில் போகும். எந்தப் பொருளை முதலில் போடுவது என்று ஆபீசில் ஒன்றரை மாசம் சண்டை நடந்தது. அப்போது வசுமதி அங்கே டைப்பிஸ்ட். கல்யாணமாகி ஒரு வருசம் இருக்கும். அட்டையை மெசினில் சொருகிக்கொண்டே, "பொண்டாட்டி ஏழாவது இடத்துலயா? அதுக்கு முன்னாடி உலகம், துன்பமெல்லாம் வரணுமாக்கும்? எழுதினவரு யாருன்னு பேரையும் போட்ருவோமா?" என்று கேட்டாள், டைப்பிங் செக்சனே சிரித்தது. இவருக்குக் காது மடல் சுட்டது. ஏழாவது. இன்றைக்கு யோசித்தால் எந்த வரிசையில் போட்டால் என்ன, எது போனாலும் இவருக்குத்தான் போகப்போகிறது. பேச்சு போகலாம், பெண்டாட்டி போகலாம், ரெண்டே பேர் இருக்கிற வீட்டில் குடும்பம் என்று சொல்ல மிச்சம் என்ன இருக்கும். ஐயோ, அந்த நினைப்பு வேண்டாம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எதிர்ச் சுவரில் டிவி ஓடியது, சத்தம் இல்லாமல் ஒரு அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் நல்லதா அணைந்தால் நல்லதா என்று யாரிடமும் கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து, "என்னங்க, அதை எடுத்துத் தாங்க, அந்த இது, சுடுதண்ணி ஊத்தி வைப்போமே, மூடி போட்டு" என்றாள். பிளாஸ்க்கு. கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. பேர் வரவில்லை. இவர் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்திருக்கலாம், கொடுத்தாரா, சிரித்தார். அகராதிக்காரன் வீட்டிலேயே சொல்லுக்குப் பஞ்சமா என்று கேலி பண்ணினார். "பி, பிளா, சொல்லு பாப்போம்" என்று ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் மாதிரி விரலை ஆட்டினார். அவள் வாயைத் திறந்தாள், உதடு அசைந்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, அப்போதும் இவருக்கு உறைக்கவில்லை. மடையன், சரியான மடையன். பத்து நாளில் வலிப்பு, அப்புறம் ஸ்கேன், அப்புறம் பஸ்சும் ரயிலுமாக இங்கே. அவள் பேசாமல் ஒரு நாள் அந்த வீடு இருந்ததுண்டா. காலையில் பால்காரரிடம் ஆரம்பித்தால் ராத்திரி கொசுவத்தியைத் திட்டுகிறவரை பேச்சுதான், குழாயில் தண்ணீர் வந்தது பேச்சு, அடுத்த வீட்டுப் பூனை குட்டி போட்டது பேச்சு. "வசு, செத்த நேரம் சும்மா இரேன், ஒரு சொல்லு ஓடிக்கிட்டிருக்கு" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். இந்தா இருந்துட்டாளே இப்போ. இல்லை, இல்லை, உள்ளே பேசிக்கொண்டுதான் இருப்பாள், அங்கே பேசுவதுதானே அவளுக்கு வேலை. வீடு, குடை, தண்ணீர், சேவல். அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனதே அந்தப் பேச்சினால்தான். அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம், வீட்டில் தெலுங்குதான், கரிசக்காட்டுத் தெலுங்கு. வேற்று ஜாதிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டானே என்று ஆறு மாசம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த கிழவி, ஏழாவது மாசம் மருமகள் வாயில் தெலுங்கைக் கேட்டதும் தொபுக்கென்று விழுந்துவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மி அரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். இவர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாரே ஒழிய அதற்கு மேலே ஒன்றும் யோசித்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் மார்த்தாண்டத்துக்காரி ஒரு அம்மாள், பேர் மரிய புஷ்பம், புருசனுக்கு அடுத்த தியேட்டரில் ஆபரேசன். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு சார் இப்பிடி கால ஆட்டுதீய? நாற்காலியே குலுங்குது. ஒண்ணும் ஆவாது. எங்க வீட்டுக்காரரு போன தடவ மயக்கம் தெளியும்போ முழுக்க மலையாளமாட்டு பேசுனாரு பாத்துக்கிடுங்க. எங்கிட்ட ஒரு நாளு மலையாளம் பேசினதில்ல. அவிய அம்மைக்க பாஷல்லா, அதான் மொதல்ல வந்துருக்கு. உங்க வீட்டம்மைக்கு தாய் பாஷ ஏது, தமிழா?"

"இல்ல" என்றார் அய்யலுசாமி. "சௌராஷ்ட்ரா." சொல்லி முடிக்கிறதற்குள் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

படிவம். முந்தாநாள் ஷெமீனா கொடுத்த படிவம். நோயாளிக்குத் தெரிந்த பாஷைகளை எல்லாம் எழுதவும், ஒன்றும் விடவேண்டாம், சிறு வயதில் பேசினது முக்கியம் என்று அவள் விரலை வைத்துக் காட்டினாளே. வசுமதி ஸ்கேனுக்குப் போயிருந்தாள். இவர்தான் பேனாவை வாங்கி, மடமடவென்று, தமிழ், தெலுங்கு, மலையாளம் கொஞ்சம், கன்னடம் கொஞ்சம், இந்தி கொஞ்சம். ஷெமீனாகூட, இவ்வளவு பாஷையா என்று வாயைப் பிளந்தாள், இவருக்குப் பெருமை வேறு. பெருமைப்பட்டாயே பாவி, என்ன எழுதினாய் தெரியுமா, உன் அகராதியின் பாஷை வரிசையை எழுதினாய். த., தெ., ம., க., இ. ஒவ்வொரு அட்டையின் தலையிலும் வருசக்கணக்கில் எழுதின அதே ஐந்து. கை பாட்டுக்கு எழுதிவிட்டது. பெண்டாட்டிக்கு என்ன பாஷை தெரியும் என்று கேட்டதற்கு ஆபீசுக்கு என்ன பாஷை தெரியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் இந்தப் புத்திசாலி. அந்த ஐந்தும்கூட முதலில் ஆறாக இருந்தது. முதல் கூட்டத்தில் ஆறாவதாகச் சௌராஷ்ட்ரா இருந்தது, மதுரையில் மகாலைச் சுற்றி அத்தனை தெரு பேசுகிற பாஷை, எப்படி விடுவது என்று யாரோ ஒருத்தர் கேட்டார். அச்சில் போதுமான ஆதாரம் இல்லை, நம்மால் முடியாது என்று இன்னொருத்தர் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். எடுத்துவிடலாம் என்று தூக்கின கைகளில் இவர் கையும் ஒன்று. சாயங்காலம் வசுமதி கேட்டாள், "எங்க பாஷையத் தூக்கிட்டீங்களாமே?" ஆதாரம் இல்லை என்றார். "நான் இருக்கேன்ல, ஆதாரம் இல்லையாக்கும்?" என்று சிரித்தாள். சிரித்ததனால் சங்கதி முடிந்துவிட்டது என்று இவர் எடுத்துக்கொண்டார். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. இட்லி மாவு விற்கிற தங்கச்சி ஹேமாவிடம் போனில் பேசும்போது மட்டும் அது வரும், மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் பேசுவாள், இவர் அந்தப் பக்கம் போனால் சட்டென்று தமிழுக்கு மாறிவிடுவாள். இவரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். ஐந்து பாஷையை நோண்டி நோண்டிப் பார்த்தவருக்குத் தன் வீட்டு மாடிப்படியில் ஓடுகிற பாஷையில் தண்ணிக்கு என்ன பேர் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது உள்ளே அவள் அதில் ஏதாவது சொல்லித் தொலைத்தால்? பேச்சு குழறுகிறது என்று எழுதிக்கொள்வார்கள். கட்டியை அப்படியே விட்டுவிடுவார்கள். இல்லை, அந்தப் பாஷை இருக்கிற இடம் எது என்று தெரியாமலே அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். தன் அம்மாவிடம் அவள் பேசினது, தாலாட்டுக் கேட்டது, எல்லாம் இரும்புத் தட்டில் ஒரு துண்டாகப் போய்விடும். எழுந்து ஓடினார்.

கதவுப் பக்கம் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான். "சார், அகத்து போகான் பற்றில்லா." உள்ளே போகக்கூடாதாம். தப்பு எழுதிட்டேன், படிவத்தில் தப்பு எழுதிட்டேன் என்று தமிழில் ஒரு தடவையும் மலையாளத்தில் ஒரு தடவையும் கத்தினார். இவர் கத்தினதைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி வந்தாள், இன்டர்காமில் பேசினாள், வைத்தாள். சொல்லியிருக்கிறேன், உட்காருங்கள் என்றாள். எதைச் சொன்னாள், யாரிடம் சொன்னாள், சௌராஷ்ட்ரா என்பதைச் சரியாகத்தான் சொன்னாளா. உட்கார முடியவில்லை. கதவுக்கும் தண்ணீர் மெசினுக்கும் நடுவே நடந்தார். பதினாலு எட்டு, திரும்பினால் பதினாலு எட்டு. சுற்றிச் சுற்றி வருவது என்று வேர், என்று புத்தி தானாக ஆரம்பித்தது. "வாய மூடு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். மரிய புஷ்பம் ஜெபமாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தன்னைச் சொல்லவில்லை என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும், மறுபடி உருட்ட ஆரம்பித்தாள்.

பத்து ஐம்பதுக்குக் கதவு திறந்தது. ஷெமீனா. முகமூடி கழுத்தில் தொங்கியது, கையில் போன்.

"சார், ஒரு ஸ்தலத்துல கம்பி வச்சா தமிழ் வரலை, தெலுங்கும் வரலை. ஆனா ஆன்ட்டி வேற ஏதோ சொல்லுது. கம்பி எடுத்தப்பறம் கேட்டா, 'எங்க வீட்டு பாஷை'னு சொல்லுது. உங்க ஃபாரத்துல அது இல்ல. எங்களுக்கு லிஸ்ட்டும் இல்ல, தெரிஞ்ச ஆளும் இல்ல. சொல்றது சரியான வார்த்தையா, இல்ல வெறும் சத்தமா, அது அறியணும். இது கேளுங்க."

போனை நீட்டினாள். இரும்புச் சத்தம், யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் வசுமதி. களைத்த குரல், ஆனால் அவள்தான், அவளேதான். கேர் என்றாள். கொஞ்சம் விட்டு, பனி என்றாள். மூன்றாவதாக ஒன்று. முதல் படம் வீடு, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது குடை என்றாள் ஷெமீனா. முதல் இரண்டும் இந்தியின் சொந்தக்காரச் சொற்கள், அகராதிக்காரன் புத்தி மோப்பம் பிடித்துவிட்டது. மூன்றாவது? ஷெமீனா இவர் வாயையே பார்த்தாள். முப்பத்தொரு வருசம் ஒரே தலையணை உறையில் தலை வைத்துப் படுத்த மனுசன், "தெரியலை" என்றார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. "எனக்குத் தெரியலைம்மா. அவ தங்கச்சிக்குத் தெரியும், இரு."

ஹேமா முதல் ரிங்கிலேயே எடுத்தாள், காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள் போல. "என்ன மாமா, என்னாச்சு, அக்கா எப்படி இருக்கா?" ஷெமீனா தன் போனை இந்தப் போனின் வாயருகே வைத்து மறுபடி ஓட்டினாள். அப்புறம் ஹேமா விம்மினாள்.

"எல்லாம் சரி மாமா. மூணும் சரி. குடைய அம்மா அப்படித்தான் சொல்லுவா, எங்க தெருவுலயே எங்க வீட்டுல மட்டுந்தான் அப்படிச் சொல்லுவோம். அக்கா கரெக்டா சொல்றா."

ஷெமீனா போனோடு உள்ளே ஓடினாள். ஹேமா லைனிலேயே இருந்தாள். அவள் மூச்சு கேட்டது, இவர் மூச்சும் அவளுக்குக் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து படம் படமாக வசுமதியின் குரல் போய் மதுரையில் ஒரு அடுப்படியில் சரிபார்க்கப்படுகிற மாதிரி ஏற்பாடு பண்ணினார்கள். ஹேமாவை வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள், இவர் போன் வெறுமையாயிற்று. இருபது நிமிசம். இவர் அகராதியில் இல்லாத பாஷையை ஒரு டாக்டர், ஒரு மலையாளிப் பெண், ஒரு இட்லி மாவு விற்கிற பொம்பளை மூன்று பேரும் சேர்ந்து சொல் சொல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் வெளியே நின்றார். குற்றம் பண்ணினவனுக்கு வெளியே நிற்பதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

மறுபடி வந்தபோது ஷெமீனா ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். அவரை உட்காரச் சொன்னாள்.

"சார், ஆன்ட்டியோட வீட்டு பாஷை வேற ஸ்தலத்துல சேஃப் ஆயிட்டு இருக்கு. தமிழும் தெலுங்கும் இருக்கிறது கட்டி மேலேயே. முழுக்க எடுத்தா அது ரெண்டும் போகலாம். கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம், டாக்டர் உறப்பா, நிச்சயமா சொல்லல. வீட்டு பாஷை நிக்கும். தமிழைக் காப்பாத்தணும்னா கட்டியில பாதி விடணும். விட்டா ஒரு வருஷம், ரெண்டு வருஷம், திரும்ப வரும். எது வேணும்னு டாக்டர் கேக்கறார்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம். ரெண்டு தடவை கேட்டோம்." ஷெமீனா தரையைப் பார்த்தாள். "'அவருக்கு எங்க பாஷை தெரியாதே'னு சொன்னாங்க. அது மட்டும்தான் சொன்னாங்க."

மண்டையைத் திறந்து போட்டுப் படுத்திருக்கிறவள், உயிரா பாஷையா என்று கேட்டால், இவருக்குத் தெரியாதே என்கிறாள். இவர் தனியாக என்ன பண்ணுவார் என்று யோசிக்கிறாள். இவருக்காகப் பாதிக் கட்டியை மண்டைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் பைத்தியக்காரி. கோபம் வந்தது அவருக்கு, அவள் மேலா தன் மேலா என்று தெரியாத கோபம். முப்பத்தொரு வருசம் போதாதா, இன்னும் ரெண்டு வருசம் அதே மாதிரி இவருக்காகத் தமிழ் பேசிவிட்டுச் செத்துப்போக வேண்டுமா. தமிழ் போகும். என்னங்க என்று கூப்பிடுவது போகும். காப்பி குடிச்சிருங்க போகும். அம்மாவின் தெலுங்கு போகும். அவள் பேசுவாள், நாள் பூராவும் பேசுவாள், இவருக்கு ஒரு அட்சரம் விளங்காது. விளங்கவில்லையென்றால் என்ன கெட்டுப்போயிற்று. குரல் இருக்கும்.

"முழுசா எடுத்துரச் சொல்லுங்க" என்றார். "நான் சொன்னேன்னு அவகிட்டயும் சொல்லுங்க."

ஷெமீனா காகிதத்தை நீட்டினாள், கையெழுத்துப் போட்டார். கதவு மூடியது. இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் சொன்னாள். இவர் ஹேமாவை மறுபடி கூப்பிட்டார். விசயத்தைச் சொன்னார். அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார்.

"ஹேமா, அவ கண்ணு முழிச்சதும் நான்தான் பக்கத்துல இருப்பேன். வலிக்குதான்னு கேக்கணும். உங்க பாஷையில எப்படிம்மா?"

அவள் சொன்னாள். இவர் திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்து மூச்சோடு சேர்ந்து வர வேண்டும், இவர் நாக்கு அதை நசுக்கியது. அவள் திருத்தினாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஆறாவதோ ஏழாவதோ தடவை, "ம், இப்ப சரி மாமா, அக்காவுக்குப் புரியும்" என்றாள் ஹேமா. இவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"இரு, இரு. நான் கேட்டா அவ பதில் சொல்லுவாளே. அது எனக்கு எப்படி விளங்கும்? அதையும் சொல்லிக்குடு."

ஹேமா ரெண்டு பதிலும் சொல்லிக்கொடுத்தாள், ஆமாம் வலிக்குது என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு ஒன்று. அய்யலுசாமி இல்லை என்பதை முதலில் மனப்பாடம் பண்ண ஆரம்பித்தார்.